ஜெயரட்ணத்தார் வேலி தாண்டினார்

ஜெயரட்ணத்தார் செத்தது ஒரு புதன்கிழமை காலை. எழும்பி, முகம் கழுவி, திருநீறு பூசி, வழக்கம்போல வேலியோரம் ஒரு நடை போய் வந்து, கதிரையில் இருந்துகொண்டு தேத்தண்ணி கேட்டார். பத்மாவதி தேத்தண்ணியோடு வந்தபோது மனிதர் போய்விட்டார். கண் மூடியிருந்தது, கால் இரண்டிலும் சப்பாத்து இருந்தது, சப்பாத்தில் ஈரப் புல் ஒட்டியிருந்தது. எழுபத்தெட்டு வயது. படுக்கையில் கிடக்கவில்லை, ஒருவரையும் வருத்தவில்லை. நல்ல சாவு என்றுதான் கேட்ட எல்லாரும் சொன்னார்கள். பத்மாவதிக்கு அப்போது அழுகை வரவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே ஹென்டர்சனில் இருக்கும் மகன் சஞ்சீவனுக்கு ஃபோன் எடுத்தாள்.

ஓக்லண்டின் புறத்தே, வெஸ்ட்கேட் கடைத்தெருவைத் தாண்டி, குமேயுவையும் தாண்டி, பசுவும் செம்மறியும் மேய்கிற பக்கத்தில் அவர்களுடைய ஐந்து ஏக்கர் காணி. முன்னுக்குத் தெரு. தெருவுக்கும் காணிக்கும் நடுவில் ஆழமான வாய்க்கால் ஒன்று ஓடுகிறது, அதைக் கடக்க இருப்பது ஒரேயொரு கேற். பின்பக்கம் சேற்று ஓடை. இடப்பக்கம் வலை போர்த்த பழத்தோட்டம். வலப்பக்கம் மாணிக்கவாசகம். அந்த நீண்ட தெருவில் இரண்டே இரண்டு தமிழ் வீடுகள்தான், இரண்டும் அடுத்தடுத்து. அந்த இரண்டு வீட்டுக்கும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. யாழ்ப்பாணத்தாரைத் தெரிந்தவர்கள் ஏன் என்று கேட்கமாட்டார்கள். வேலிதான், வேறென்ன!

ஜெயரட்ணத்தார் ஊரில் பஸ் டிப்போவில் நேரக் கணிப்பாளராக இருந்தவர். இங்கே வந்து மங்கரேயில் விமானச் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓடினார். ஓய்வு எடுத்த பிறகு மகன் வாங்கிய இந்தக் காணிக்கு மனைவியோடு வந்து சேர்ந்தார். வந்த அன்றே அவர் செய்த முதல் வேலை எல்லையைச் சுற்றி நடந்ததுதான். வீட்டுக்குள் பெட்டிகள் பிரிக்காமல் கிடக்க, மனிதர் வெளியே வேலிக் கட்டைகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஊரில் அவருக்கு இருந்த காணி இராணுவ வலயத்துக்குள் போய்விட்டது. வீடு, கிணறு, வேலி எல்லாம் ஒரே நாளில் போனது. யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? துவக்கோடு நிற்கிறவனிடம் வேலிக் கதியாலைத் தள்ளி நட்டாய் என்று கேட்க முடியுமா? அந்தக் கோபம் முப்பது வருடமாக அவருக்குள் சும்மா கிடந்தது. பிறகு மாணிக்கவாசகம் பழைய வேலியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கம்பி வேலி அடித்தார். கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது.

மாணிக்கவாசகம் ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழர், பொறியியலாளர், பாவம் நல்ல மனிதர். கயிறு பிடித்து, நூல் தட்டி, நேராகத்தான் வேலி அடித்தார். ஜெயரட்ணத்தார் தன் கையால் அளந்து பார்த்துவிட்டு, வேலி தன் காணிக்குள் ஒரு முழம் வந்துவிட்டது என்றார். மாணிக்கவாசகம் அளவையாளரைக் கூட்டிவந்தார். அளவையாளர் கருவியை ஊன்றிப் பார்த்து, வேலி இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது என்றார். ஜெயரட்ணத்தார் கருவி பிழை என்றார். கடைசியில் மாணிக்கவாசகம் அலுத்துப்போய், "சரிண்ணே, ஒரு முழம்தானே, நீங்களே வச்சுக்குங்க" என்றார். அதோடு கெட்டது காரியம். வேலியைத் தள்ளிப் போட்டிருந்தால்கூட ஒருவேளை மன்னித்திருப்பார், பிச்சை போடுகிற மாதிரிக் கதைத்ததை அவரால் மன்னிக்க முடியவில்லை.

அன்று வேலியில் நின்று, அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றே பெரிய குரலில் சொன்னார்: "நான் செத்தாலும் இவன் என்ர காணிக்குள்ள கால் வைக்கக் கூடாது!"

மாணிக்கவாசகத்துக்கும் கேட்டது, அவர் மனைவி நிர்மலாதேவிக்கும் கேட்டது. மூன்றாம் வீட்டு வெள்ளைக்காரருக்கும் கேட்டது, அவருக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். அதுவரை பத்மாவதியும் நிர்மலாதேவியும் கறிவேப்பிலையும் மிளகாய்த்தூளும் கைமாற்றிக்கொண்டு, பின்னேரத்தில் கம்பியின் இருபுறமும் நின்று கதைத்துக்கொண்டு இருந்தவர்கள். அதுவும் அன்றோடு நின்றது. ஜெயரட்ணத்தார் வேலியோரம் கொய்யா மாதிரிப் பச்சைப் பழம் காய்க்கிற ஃபிஜோவா மரங்களை வரிசையாக நட்டார். அது வளர்ந்து காய்த்துப் பழம் அந்தப் பக்கம் விழுந்தது. மாணிக்கவாசகம் விழுந்த பழங்களைப் பொறுக்கிப் பையில் போட்டு வேலிக் கட்டையில் கொழுவிவிட்டுப் போவார். 'என்ர பழத்தை எனக்கே தானம் பண்ணுறான்' என்று இவர் அதைத் தொடமாட்டார். பை அப்படியே கிடந்து அழுகும். பத்மாவதிக்கு வயிறு எரியும். பழத்துக்காக அல்ல, பேச ஆளில்லாத அந்தத் தெருவில் பேசக்கூடிய ஒரே பெண்ணையும் இந்த மனிதர் பறித்துவிட்டாரே என்றுதான். ஆனால் ஐம்பது வருடம் கூட இருந்த மனிதர். அவர் சொல்லைத் தாண்டி அவள் ஒருநாளும் வேலிப்பக்கம் போய்க் கதைத்ததில்லை.

செத்தவீட்டுச் செய்தி கேட்டு முதலில் வந்து சேர்ந்தவர் அம்பலவாணர். பத்மாவதிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை, மங்கரேயில் இருக்கிறார். ஓக்லண்டில் எந்தத் தமிழன் செத்தாலும் இவர் முன்னுக்கு நிற்பார். எந்தச் சாமான் எங்கே வாங்குவது, பந்தம் யார் பிடிப்பது, சுண்ணம் யார் இடிப்பது எல்லாம் அவர் வாயில் இருக்கிறது. வந்து இருந்ததும் இருக்காததுமாக ஃபோனில் பஞ்சாங்கத்தைத் திறந்தார். திறந்தவரின் முகம் மாறியது.

"தங்கச்சி, ஆள் போனது சதயத்தில. பஞ்சமி."

"மாமா, அது ஊர் நேரத்துக்கா இஞ்சத்தை நேரத்துக்கா?" என்று சஞ்சீவன் கேட்டான். அம்பலவாணர் இரண்டையும் கணக்குப் பார்த்தார். எந்த நேரத்தை எடுத்தாலும் பஞ்சமியாகவே இருந்தது.

அவிட்டம் முதல் ரேவதி வரையான ஐந்து நட்சத்திரங்களில் வருகிற பஞ்சமிச் சாவு வீட்டுக்கு ஆகாது என்பார்கள், போகிற ஆள் இன்னும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகுமாம். அதனால் பிரேதத்தை வாசல் படலையால் கொண்டுபோகக் கூடாது. வேலியை வெட்டி, அந்தப் பொட்டுக்குள்ளால், அதாவது வெட்டிய இடைவெளிக்குள்ளால், எடுத்து, ஆள் போன கையோடு பொட்டை அடைத்துவிட வேண்டும். வழி தெரியாமல் போனால் திரும்பி வராது என்று ஐதீகம். கோயில் ஐயரிடம் ஃபோனில் கேட்டபோது அவர் நல்ல மனிதராக, "இந்த நாட்டில அதெல்லாம் கஷ்டம். ஒரு சாந்தி செய்துபோட்டு கேற்றாலேயே எடுக்கலாம்" என்றார். சஞ்சீவனுக்குப் பெரிய நிம்மதி.

பத்மாவதிக்கு நிம்மதி வரவில்லை. நாலு வருடத்துக்கு முன்பு ஹென்டர்சனில் ஒரு சிநேகிதர் பஞ்சமியில் செத்தபோது, அவரை வாசலால் எடுத்தார்கள். ஜெயரட்ணத்தார் வீடு வரும்வரை காருக்குள் புறுபுறுத்துக்கொண்டு வந்தார். வந்து கை கால் கழுவிவிட்டுச் சொன்னார்: "பத்மா, எனக்கு அப்பிடி ஏதும் வந்தால் வேலியை வெட்டித்தான் எடுக்க வேணும். பிள்ளையளுக்கு ஒரு குறையும் வரக் கூடாது. சொல்லிப்போட்டன்." அவள், "ஓம், ஓம், இப்ப சாப்பிடுங்கோ" என்றாள். இரண்டு ஓம் சொல்லியிருந்தாள்.

எந்த வேலியை வெட்டுவது? சஞ்சீவனும் அம்பலவாணரும் வெளியே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள். முன்னுக்கு வாய்க்கால், பின்னுக்கு ஓடை, இடப்பக்கம் வலையும் இரும்புத் தூணும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போகக்கூடிய வழி ஒன்றே ஒன்றுதான். மாணிக்கவாசகத்தின் வேலியை வெட்டி, மாணிக்கவாசகத்தின் புல்வெளியால் நடந்து, மாணிக்கவாசகத்தின் கேற்றால் போக வேண்டும்.

"அவை செத்தவீட்டுக்கும் வரேல்லையே" என்றார் அம்பலவாணர்.

"நாங்கள் சொல்லேல்லை, அண்ணை. சொல்லாமல் எப்பிடி வருவினம்?" என்றாள் பத்மாவதி.

"அந்த மனிசனிட்டப் போய் நிண்டு இதைக் கேக்கிறதெண்டால்... அத்தான் உயிரோட இருந்தால் விடுவாரோ? செத்தாலும் கால் வைக்கக் கூடாது எண்டவர். விடு தங்கச்சி, ஐயர் சொன்னமாதிரியே செய்வம்."

அன்றைக்கு முழுக்க பத்மாவதி இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். வேலியை வெட்டி எடு என்றவரும் அவர்தான், அவனை அண்டாதே என்றவரும் அவர்தான். ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது போகிறது. கேற்றால் எடுத்துவிட்டு, நாளைக்குப் பேரப்பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் யார் மனம் கேட்கும்? நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். அவளுக்கே பாதி நம்பிக்கைதான். ஆனால் அவர் முழுதாக நம்பினார், போகிறது அவர்தான். உயிரோடு இருந்தபோது சண்டை பிடிக்க அவருக்கு வாய் இருந்தது. இப்போது அவருக்காகக் கேட்க அவளைத் தவிர யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினாள்.

"தங்கச்சி, எங்க போறாய்? செத்தவீட்டுத் துடக்கோட மற்ற வீட்டுக்குப் போகக் கூடாது!" என்று அம்பலவாணர் பின்னால் கத்தினார்.

"வீட்டுக்குப் போகேல்லை. வேலிக்குத்தான் போறன்."

ஃபிஜோவா மரங்களுக்கு நடுவில் நின்று, கம்பியைப் பிடிக்கப் போய், செம்மறிகளுக்காக அதில் கரண்ட் ஓடுவது நினைவு வந்து கையை எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்து வீட்டைப் பார்த்து, "நிர்மலா!" என்று கூப்பிட்டாள். ஆறு வருடத்துக்குப் பிறகு கூப்பிடுகிற பெயர். இன்னொரு தரம் கூப்பிடுவதற்கு முன்பே கதவு திறந்தது. நிர்மலாதேவியும் மாணிக்கவாசகமும் இரண்டு பேருமாக ஓடிவந்தார்கள். மாணிக்கவாசகம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் போட்டிருந்தார், காலில் மட்டும் சேற்று பூட்ஸ்.

"அக்கா, எங்களுக்குத் தெரியும்க்கா. வண்டி வந்தப்பவே பாத்தோம்" என்றாள் நிர்மலாதேவி.

"ரெண்டு நாளா சட்டைய மாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்க்கா" என்றார் மாணிக்கவாசகம். "வரலாமா கூடாதான்னு தெரியல. அண்ணன் சொன்னது காதுல இருக்கு. அவரு போனப்புறம் அத மீறுனா நல்லா இருக்காதுன்னு..."

பத்மாவதி விஷயத்தைச் சொன்னாள். பஞ்சமி, வேலி, பொட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த வேலி தன் காணிக்குள் நிற்கிறது என்று ஆறு வருடம் சத்தம் போட்டவரின் பெண்சாதி, அதே வேலியை வெட்டத் தா என்று கேட்டு நிற்கிறாள். வெட்கமாகத்தான் இருந்தது.

மாணிக்கவாசகம் வேலியைப் பார்த்தார். பிறகு, "நான் வெட்ட மாட்டேன்க்கா" என்றார்.

பத்மாவதி வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் இருந்தப்ப இதுல ஒரு கம்பிய தொட விடமாட்டாரு. இப்ப அவரு கேக்க முடியாத நேரம் பாத்து நான் கட்டர எடுத்துக்கிட்டு வந்தா, அது சரியில்ல. உங்க வீட்டு ஆளுங்க வெட்டுங்க. இழுத்துக் கட்டுன கம்பிக்கா, வெட்டுனா பாஞ்சு மூஞ்சில அடிக்கும். நான் எங்க பக்கம் நின்னு புடிச்சுக்குறேன். அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன்."

அதைக் கேட்ட பிறகுதான் பத்மாவதிக்கு ஒன்று பிடிபட்டது. வீட்டுக்குத் திரும்பியவள் நேரே போய், மாலை போட்டு வைத்திருந்த அவர் படத்துக்கு முன்னால் நின்றாள். சஞ்சீவன் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து பின்னால் வந்தான்.

"இஞ்சாருங்கோ, அவர் உங்கட காணிக்குள்ள வரேல்லை" என்றாள். "நீங்கள்தான் அவற்ற காணிக்குள்ள போறியள். இதில நான் உங்கட சொல்லு ஒண்டையும் மீறேல்லை. பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது."

சனிக்கிழமை காலை பெட்டி வீட்டுக்கு வந்தது. ஐயர் கிரியை செய்தார், சுண்ணம் இடித்தார்கள், பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள், பெண்கள் வாய்க்கரிசி போட்டார்கள். தெருவில் இருந்த வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து பின்னுக்கு நின்றார்கள். சவ அடக்க நிறுவனத்துப் பெண்ணிடம் சஞ்சீவன் பயந்து பயந்து, வாசலால் அல்ல, வேலியை வெட்டித்தான் கொண்டுபோகப் போகிறோம் என்றான். அவள் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியைத் திருப்பி அடுத்த கேற்றுக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

எல்லாரும் பெட்டியின் பின்னால் வேலிக்கு வந்து பார்த்தால், மறுபக்கம் வேறு மாதிரி இருந்தது. வேலியிலிருந்து தெருக் கேற்வரை புல்லைக் குட்டையாக வெட்டி, மழையில் ஊறிய சேற்றின்மேல் வைக்கோல் பரப்பி, நடக்கப் பாதை செய்து வைத்திருந்தார் மாணிக்கவாசகம். செம்மறிகளைத் தூரத்தில் அடைத்துவிட்டிருந்தார். தன் பக்கத்தில், தடித்த கையுறை போட்டுக்கொண்டு, மேல் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"கரண்ட நிப்பாட்டியாச்சோ?" என்று அம்பலவாணர் இரண்டு தரம் கேட்டார். அந்த இடத்திலும் நாலு பேர் சிரித்தார்கள்.

சஞ்சீவன் கட்டரைக் கையில் எடுத்தான். பத்மாவதி அதை வாங்கினாள்.

"பொம்பிளையள் வெட்டுறேல்லை, தங்கச்சி."

"ஆறு வரியமா இந்த வேலியால நான் பட்டது எனக்குத் தெரியும், அண்ணை. நானே வெட்டுறன்."

கம்பி ஒவ்வொன்றாக அறுந்தது. ஒவ்வொன்றும் அறுகிறபோது மாணிக்கவாசகத்தின் கை ஒருமுறை உதறி நின்றது. அவர் விடவில்லை. கட்டைகள் இரண்டையும் பிடுங்கினார்கள். பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் பொட்டுக்குள் நுழைந்தார்கள். முன்னுக்குத் தூக்கிய பொடியன் வைக்கோலில் கால் வழுக்கித் தடுமாறினான். மாணிக்கவாசகம் கம்பியை எறிந்துவிட்டுத் தோள் கொடுத்தார். அப்போது பெட்டியின் தலைப்பக்கம் எல்லையைத் தாண்டியிருந்தது, அதனால் அவர் மறுபக்கம் கால் வைக்க வேண்டியிருக்கவில்லை. ஜெயரட்ணத்தார் ஆறு வருடமாக உரிமை கேட்ட அந்த ஒரு முழத்தையும் தாண்டி, எதிரியின் தோளில் ஏறித் தெருவுக்குப் போனார்.

"ஆள் வெளிக்கிட்டாச்சு, பொட்டை உடனே அடைக்க வேணும்" என்று அம்பலவாணர் கத்தினார்.

"நீங்க போங்க, நான் அடைக்கிறேன்" என்றார் மாணிக்கவாசகம். அதற்காகவே சுடலைக்கு வராமல் நின்றுகொண்டார்.

எரித்துவிட்டுத் திரும்பும்போது பின்னேரம் ஆகிவிட்டது. வெளியிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று கராஜுக்குள் வாளியும் வெந்நீரும் வைத்திருந்தார்கள். பத்மாவதி குளித்தாள். ஈரத் தலையோடு, வீட்டுக்குள் போகாமல், வேலி அடைத்தாயிற்றா என்று பார்க்கப் போனாள். அடைத்திருந்தது. புதுக் கட்டை நட்டு, புதுக் கம்பி இழுத்து, முறையாக அடைத்திருந்தது. ஆனால் வேலி நேராக இல்லை.

வெட்டிய இடத்தில் மட்டும் வேலி மாணிக்கவாசகத்தின் பக்கமாக உள்வாங்கிப் போய்த் திரும்பி வந்து சேர்ந்திருந்தது. பெட்டி போன அகலத்துக்கு ஒரு வளைவு. அவள் கிட்டப் போய்ப் பழைய கட்டை இருந்த குழியில் முழங்கையை வைத்துக் கையை நீட்டினாள். விரல் நுனி புதுக் கட்டையில் முட்டியது. சரியாக ஒரு முழம்.

பத்மாவதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. இந்த மனிதர் இதைப் பார்த்திருந்தால் விடிய எழும்பிக் கயிற்றோடு வந்து, இதிலும் அரைச் சாண் குறைகிறது என்றிருப்பார் என்று நினைத்தாள். நினைத்தவள் அப்படியே புல்லில் குந்தினாள். புதன்கிழமையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. ஊரில் ஒரு காணி முழுக்கப் பறிகொடுத்த மனிதருக்கு, கேட்டதைத் திருப்பிக் கொடுத்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள். அதுவும் செத்த பிறகு. அவள் வாய்விட்டு அழுதாள்.

சத்தம் கேட்டு மாணிக்கவாசகமும் நிர்மலாதேவியும் வந்து மறுபக்கத்தில் நின்றார்கள். நிர்மலாதேவியின் கையில் துணியால் மூடிய பெரிய பானை இருந்தது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று அவளே சோறும் பருப்பும் ஆக்கி வைத்திருந்தாள். எப்படிக் கொடுப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"ஏன் தம்பி இப்பிடிக் கட்டினனீங்கள்? நேராக் கட்டியிருக்கலாமே" என்றாள் பத்மாவதி, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"அவரு இருந்தப்ப வாயால குடுத்தேன்க்கா. அது அவருக்குப் புடிக்கல." அவர் புதுக் கட்டையைத் தட்டிப் பார்த்தார். "இருக்கட்டும்."

நிர்மலாதேவி கம்பிக்கு மேலால் பானையை நீட்டினாள். பத்மாவதி வாங்கவில்லை. எழுந்து நின்றாள்.

"கேற்றால கொண்டு வாங்கோ" என்றாள். "ரெண்டு பேரும் வாங்கோ."

செத்தவீட்டில் யாரையும் வாங்கோ என்று சொல்லி அழைக்கிற வழக்கம் இல்லை. பின்னால் வந்து நின்ற அம்பலவாணர் வாயைத் திறந்தார். பத்மாவதி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் மூடிக்கொண்டார். மாணிக்கவாசகம் மட்டும் அசையாமல், கால் வைக்கவா வேண்டாமா என்று புரியாமல், தன் காலடியிலிருந்த எல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது அவர் சொன்னது" என்றாள் பத்மாவதி. "நான் சொல்லுறன், வாங்கோ, தம்பி."

அவர்கள் தெருவால் சுற்றிக்கொண்டு கேற்றால் வந்தார்கள். அன்றிரவு செத்தவீட்டில் எல்லாரும் பக்கத்து வீட்டுச் சோறு சாப்பிட்டார்கள்.